மூல நிரல்களுக்கு ஒரு சொந்தக் களஞ்சியம்

லினக்ஸ் சர்வரில் 'கிட்டீ'யை நிறுவிப் பேணும் முறை

கணிப்பொறி செய்யும் ஒவ்வொரு வேலையும், அதற்கென முன்னரே எழுதி வைக்கப்பெற்ற கட்டளைத் தொடரின்படியே நடைபெறுகின்றது. மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதப்பெறும் இக்கட்டளைத் தொடரே 'மூல நிரல்' எனப்படும். பெரிய கம்பெனிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் மட்டுமே நிரல் எழுதிய காலம் கடந்துவிட்டது. மழைமானிப் பதிவுகளைத் தொகுக்கும் வேளாண்மை அலுவலரும், தேர்வு மதிப்பெண்களைக் கணக்கிடும் ஆசிரியரும், நீர்மட்ட அளவுகளை வரைபடமாக்கும் கள ஊழியரும் இன்று தம் தேவைக்கேற்பச் சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்கின்றனர். எழுதுவதில் காட்டும் அக்கறையை, எழுதியதைப் பேணுவதில் காட்டுகின்றோமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மண் பரிசோதனையின் முடிவைக் கொண்டு, எக்டேருக்கு எவ்வளவு தழைச்சத்து இடவேண்டும் என்று கணக்கிடும் நிரல் ஒன்றை ஓர் அலுவலர் எழுதுகின்றார் என்க. மூன்று வட்டாரங்களுக்கு அதன் நகல்கள் செல்கின்றன. சில மாதங்களுக்குப் பின் ஒரு வட்டாரத்தில் கணக்குப் பிழை ஒன்று கண்டறியப்பட்டுத் திருத்தப்படுகின்றது. ஏனைய இரண்டு வட்டாரங்களுக்கு அத்திருத்தம் எட்டுவதில்லை. ஒரே வகையான மண்ணுக்கு ஓரிடத்தில் ஓர் அளவும், அடுத்த இடத்தில் வேறோர் அளவும் பரிந்துரைக்கப்படுகின்றன. 'இறுதி', 'இறுதி இரண்டு', 'புதிய இறுதி' என்று பெயரிட்ட கோப்புகளில் எது சரியானது என்று கூற வல்லார் எவரும் இல்லை. நட்டம் அடைபவர், அந்நிரலைக் கண்ணாலும் கண்டிராத விவசாயியே ஆவார்.

இக்குறையை நீக்குவதற்கு ஏற்பட்டதே மூல நிரல் மேலாண்மை முறை. அம்முறையை நம் சொந்தக் கணிப்பொறியில் எவ்வாறு நிறுவுவது, நிறுவிய பின் எவ்வாறு காப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். நிறுவுதல் ஒரு நாள் வேலை. காத்தலோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுதல் நலம்.

மாற்றங்களின் பதிவேடு

அலுவலகக் கோப்பில் ஒவ்வொரு குறிப்பும் தேதியோடும் கையொப்பத்தோடும் எழுதப்பெறுகின்றது. பழைய குறிப்பைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதியதை வைப்பதில்லை. அதன் கீழேயே எழுதுகின்றோம். நிரலுக்கும் இத்தகைய பதிவேடு வேண்டும் என்னும் கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் ராக்கைண்டு என்பார் 1972-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு முறையை உருவாக்கினார். அதன்பின் பல முறைகள் தோன்றின. இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 'கிட்' என்னும் முறையாகும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரே, 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிட்டையும் எழுதத் தொடங்கினார். அதுவரையில் லினக்ஸ் கருவின் நிரல், தனியார் கம்பெனி ஒன்றின் 'பிட்கீப்பர்' என்னும் சாதனத்தைக் கொண்டு பேணப்பட்டு வந்தது. அதை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை நிறுத்தப்படவே, பல நாடுகளிலிருந்து ஒருங்கே உழைத்த நிரலாளர்கள் தமக்கென ஒரு சாதனத்தை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. பிறர் கையில் உள்ள கருவியை நம்பியிருப்பதன் இடர் யாதென்பதை இவ்வரலாறே எடுத்துக்காட்டும்.

கிட் முறையில் ஒவ்வொரு மாற்றமும் 'கமிட்' எனப்படும் ஒரு பதிவாகின்றது. மாற்றியவர் பெயர், மாற்றிய நேரம், மாற்றத்தின் காரணம், மாற்றத்திற்குப் பின் கோப்புகளின் நிலை ஆகிய யாவும் அதில் அடங்கும். அவ்வனைத்தையும் கொண்டு கணித முறையால் 40 குறிகள் உள்ள ஓர் அடையாளம் கணக்கிடப்படுகின்றது. முந்திய பதிவின் அடையாளமும் இக்கணக்கில் சேர்வதால், பதிவுகள் யாவும் சங்கிலிபோற் பிணைந்து நிற்கின்றன. பழைய பதிவு ஒன்றில் ஓரெழுத்தை மாற்றினும், அதற்குப் பின் வந்த பதிவுகள் அனைத்தின் அடையாளங்களும் மாறிவிடும். எனவே ஒருவரும் அறியாமல் பழைய பதிவைத் திருத்துதல் அரிது.

கிட்டின் மற்றொரு சிறப்பு, அது பரவலான முறை என்பதாகும். ஒரு நிரல் தொகுதியைத் தம் கணிப்பொறிக்கு நகலெடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும், அன்றைய நிலையை மட்டுமன்றி, தொடக்கம் முதலான வரலாறு முழுவதையும் பெறுகின்றனர். ஆதலின் இணைய இணைப்பு இல்லாத சிற்றூரிலும் ஊழியர் தம் வேலையைத் தொடரலாம். இணைப்புக் கிடைத்ததும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம்.

சொந்தக் களஞ்சியம் எதற்கு?

பலர் சேர்ந்து உழைக்கும்போது, எல்லோருடைய மாற்றங்களும் வந்து சேரும் ஒரு பொது இடம் தேவைப்படுகின்றது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2018-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியால் வாங்கப்பெற்ற 'கிட்ஹப்' இத்தகைய இடங்களுள் புகழ் வாய்ந்தது. யாவரும் காணத்தக்க நிரல்களுக்கு அது ஏற்றதே. எனினும், கணிப்பொறிக் கூடத்தில் இணைய இணைப்பு இல்லாத பள்ளிகளும், நிரலை வெளியாரின் கணிப்பொறியில் வைத்தல் கூடாதென்னும் விதியுடைய அலுவலகங்களும், மாணவர்க்கு இவ்வமைப்பின் உட்பகுதியைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் உளர். அவர்களுக்குச் சொந்தக் களஞ்சியமே பொருந்தும்.

அரசு நிலையிலும் இக்கருத்து ஏற்கப்பட்டுள்ளது. திறந்த மூல மென்பொருள்களை அரசு அலுவலகங்கள் மேற்கொள்வது பற்றியும், அரசின் மென்பொருள்களது மூல நிரலைத் திறந்துவைத்துக் கூட்டாக வளர்ப்பது பற்றியும் மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் கொள்கைகளை வெளியிட்டது. கூட்டு வளர்ச்சிக்கென 'ஓபன்ஃபோர்ஜ்' என்னும் தளமும் அமைக்கப்பெற்றது.

சொந்தக் களஞ்சியத்திற்குரிய மென்பொருள்கள் பல உள்ளன. 2011-இல் தோன்றிய 'கிட்லேப்' மிக விரிவானது. ஆனால் அதற்குப் பல கிகாபைட் நினைவகம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் 'கோக்ஸ்' என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்த 'கிட்டீ' சிறியது. அதிலிருந்து 2022-இல் 'ஃபோர்ஜேயோ' என்னும் மற்றொரு கிளை பிரிந்தது. கிட்டீ முழுவதும் ஒரே கோப்பாகக் கிடைக்கின்றது, இரண்டு செயலிக் கருக்களும் 1 கிகாபைட் நினைவகமும் சிறு குழுவின் தேவைக்குப் போதும், விலையின்றிப் பெறலாம். பள்ளியில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மேசைக் கணிப்பொறியே இதற்குப் போதுமானது. ஆதலின் கிட்டீயையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

முன்னேற்பாடுகள்

முதலாவது, சர்வராக நியமிக்கப்பெறும் கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குதளம் இருத்தல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவை பலரும் அறிந்தவை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

இரண்டாவது, சர்வரின் பிணைய முகவரி மாறாததாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் முகவரி மாறினால், நேற்று வந்தவர் இன்று வழி அறியார்.

மூன்றாவது, கடிகாரம் சரியாக ஓடவேண்டும். இணையவழி நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி லினக்ஸில் உண்டு; அது செயற்படுகின்றதா என்று பார்த்துக்கொள்க.

நான்காவது, மின்தடை ஏற்படும்போது கணிப்பொறி திடீரென நின்றுவிடாதிருக்க யு.பி.எஸ். ஒன்று வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் தரவுத்தளம் பழுதுபடக்கூடும்.

ஐந்தாவது, அலுவலகப் பிணையத்தில் புதிய சர்வர் ஒன்றை இணைப்பதற்குத் தலைமை அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. பிணையத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், அதில் என்னென்ன உள்ளன என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

நிறுவும் முறை

கட்டளைகளை அவற்றிற்குரிய ஆங்கில வடிவிலேயே தட்டெழுத வேண்டும். அவற்றின் சொல்வடிவம் கிட்டீயின் அதிகாரபூர்வமான கையேட்டில் உள்ளது. அங்கு காணப்படும் ஒவ்வொரு கட்டளையும் எதற்காக இடப்படுகின்றது என்பதையே கீழே விளக்குகின்றோம். பொருளறியாது இட்ட கட்டளை, பழுது நேரும்போது கைகொடாது.

1. கிட்டை நிறுவுதல். கிட்டீ என்பது களஞ்சியத்தின் அலுவலகம் போன்றது. சரக்கைக் கையாள்வது கிட்டே. எனவே முதலில் லினக்ஸின் மென்பொருள் தொகுப்பிலிருந்து கிட்டை நிறுவிக்கொள்ள வேண்டும்.

2. தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்துதல். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உடைய பயனர் 'ரூட்' எனப்படுவார். கிட்டீயை அவர் பெயரில் இயக்குதல் ஆகாது. மென்பொருளில் ஓட்டை ஒன்று இருந்து, தீயோர் அதன்வழி உட்புகுந்தால், கணிப்பொறி முழுவதும் அவர் வசமாகிவிடும். ஆகவே 'கிட்' என்னும் பெயரில், கடவுச்சொல்லால் உள்நுழைய இயலாத தனிப் பயனரை ஏற்படுத்தி, அவர் பெயரிலேயே கிட்டீ இயங்குமாறு செய்ய வேண்டும்.

3. அடைவுகளை அமைத்தல். தரவுகளுக்கு ஒரு பேரடைவும், அதனுள் மூன்று சிற்றடைவுகளும் தேவை: தனி அமைப்புகளுக்கு ஒன்று, தரவுகளுக்கு ஒன்று, நிகழ்ச்சிக் குறிப்புகளுக்கு ஒன்று. இவை கிட் பயனருக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். இவற்றின் அனுமதி எண் 750 ஆகும். இவ்வெண்ணின் பொருளை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதல் அல்லது உட்செல்லுதலுக்கு 1 என்று மதிப்பு. முதல் இலக்கம் உரிமையாளருக்கும், இரண்டாவது அவர் குழுவினருக்கும், மூன்றாவது ஏனையோருக்கும் உரியது. எனவே 750 என்றால், உரிமையாளர் மூன்றையும் செய்யலாம். குழுவினர் படிக்கவும் உட்செல்லவும் மட்டுமே இயலும். பிறர் ஒன்றும் செய்ய இயலாது. அமைப்புக் கோப்புக்கென மற்றோர் அடைவு உண்டு. அது ரூட் பயனருக்கு உரியது. நிறுவும் பொழுதுக்கு மட்டும் 770 என்னும் அனுமதியைப் பெறும்.

4. கோப்பைப் பெற்றுச் சோதித்தல். கிட்டீயின் கோப்பை அதன் அதிகாரபூர்வமான தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். கோப்புடன் 64 குறிகளைக் கொண்ட சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்படுகின்றது. நாம் பெற்ற கோப்பிலிருந்து அவ்வெண்ணைக் கணக்கிட்டு, வெளியிடப்பெற்ற எண்ணுடன் ஒப்பிடுக. ஒரு குறி வேறுபட்டாலும் கோப்பை நீக்கிவிட்டு மறுபடியும் பெறுக. உர மூட்டையின் முத்திரையைப் பார்த்து வாங்குவதைப் போன்றது இச்சோதனை. கையொப்பச் சோதனையும் உண்டு; அது இன்னும் உறுதியானது.

5. இடையறாது இயங்கச் செய்தல். கணிப்பொறி தொடங்கும்போதெல்லாம் கிட்டீயும் தானே தொடங்கவும், எதிர்பாராது நின்றால் மீண்டும் எழவும் வேண்டும். 'சிஸ்டம்டி' என்னும் லினக்ஸ் மேலாளர் இதைச் செய்யும். எந்தக் கோப்பை, எந்தப் பயனர் பெயரில், எந்த அடைவிலிருந்து இயக்குவது என்னும் விவரங்களை எழுதிய சிறு கோப்பு ஒன்றை அதனிடம் தரவேண்டும். இக்கோப்பின் மாதிரி கிட்டீயின் கையேட்டில் உள்ளது.

6. முதல் அமைப்பு. இப்பொழுது வேறொரு கணிப்பொறியின் உலாவியில் சர்வரின் முகவரியையும் 3000 என்னும் வாயில் எண்ணையும் இட்டால், அமைப்புப் பக்கம் தோன்றும். எந்தத் தரவுத்தளம் வேண்டும் என்று அது வினவும். ஒரே கோப்பில் அடங்கும் 'எஸ்க்யூலைட்' ஒரு வகுப்புக்கோ சிறு அலுவலகத்துக்கோ போதுமானது. பயனர் பலராயின் 'போஸ்ட்கிரெஸ்' போன்ற தனித் தரவுத்தளத்தைக் கொள்ளலாம். தளத்தின் முகவரியைக் கேட்குமிடத்தில், பயனர்கள் எந்த முகவரியால் வருவரோ அதையே இடுக. இங்கு தவறினால் நகலெடுக்கும் முகவரிகள் யாவும் தவறாகவே காட்டப்பெறும்.

இப்பக்கத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. முதலில் பதிவு செய்துகொள்பவரே நிர்வாகியாகின்றார். ஆகவே அமைப்பு முடியும்வரை சர்வரை வெளி இணையத்திற்குத் திறந்துவிடுதல் கூடாது. நிர்வாகியின் கணக்கை உடனடியாக ஏற்படுத்திக்கொள்ளவும் வேண்டும்.

7. பூட்டுதல். அமைப்பு முடிந்தபின், அமைப்பு அடைவின் அனுமதியை 750 ஆகவும், அமைப்புக் கோப்பின் அனுமதியை 640 ஆகவும் குறைத்திடுக. மறைகுறி எண்களும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அக்கோப்பில் இருப்பதே காரணம். கண்டவர் எல்லாம் தாமே கணக்குத் தொடங்கும் வசதியையும் நிறுத்திவிட்டு, கணக்குகளை நிர்வாகியே ஏற்படுத்தும்படி செய்தல் நலம்.

வெளி வாயில்

பள்ளியின் கூடத்திற்குள் மட்டும் பயன்படும் களஞ்சியத்திற்கு இவ்வளவே போதும். வெளியூர்களிலிருந்து ஊழியர்கள் இணையவழி வருவதாயின், 3000-ஆம் வாயிலை நேராகத் திறந்துவிடுதல் தகாது. 'என்ஜின்எக்ஸ்' போன்ற இடைப்பணி மென்பொருள் ஒன்றை முன்னால் நிறுத்த வேண்டும். வருபவரை அது 443-ஆம் வாயிலில் எதிர்கொண்டு, மறைகுறியாக்கப்பெற்ற பாதையில் அழைத்து, உள்ளே இருக்கும் கிட்டீயிடம் சேர்ப்பிக்கும். கடவுச்சொல் வழியிலே திருடப்படாதிருக்க இம்மறைகுறி இன்றியமையாதது. இதற்குரிய சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகின்றது. அது குறுகிய காலமே செல்லத்தக்கது. தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் உடன் செய்துவைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் புதியவர்கள் பலர் இடறுவதுண்டு. என்ஜின்எக்ஸ், ஒரே தடவையில் வரும் தரவு 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டால் ஏற்க மறுக்கும். இயல்பான அமைப்பு அவ்வாறு உள்ளது. சிறு மாற்றங்கள் நன்றாகச் செல்லும். பெரிய தொகுதியை அனுப்பும்போது மட்டும் 413 என்னும் பிழை எண் தோன்றும். குறை கிட்டீயில் இல்லை. இடைப்பணியாளரின் வரம்பை உயர்த்தினால் போதும்.

அடிக்கடி மாற்றங்களை அனுப்பும் ஊழியர்கள் கடவுச்சொல்லுக்கு மாற்றாகச் சாவிச் சோடியைப் பயன்படுத்தலாம். இரண்டு சாவிகளுள் பொதுச் சாவியைக் கிட்டீயில் பதிந்துவைக்க வேண்டும். தனிச் சாவி அவரவர் கணிப்பொறியை விட்டு வெளியே செல்லவே கூடாது.

எதை வைப்பது, எதை வைக்கலாகாது

களஞ்சியத்தின் பிரதான கிளையில் எவரும் நேரே மாற்றம் செய்ய இயலாதவாறு காப்பிடும் வசதி கிட்டீயில் உண்டு. ஊழியர் தம் மாற்றத்தைத் தனிக் கிளையில் எழுதி, பிரதான கிளையில் சேர்க்குமாறு வேண்டுகோள் விடுப்பார். மற்றொருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே மாற்றம் சேரும். தொடக்கத்திற் கூறிய உரக் கணக்கு நிரலில் இம்முறை இருந்திருப்பின், திருத்தம் ஒரே இடத்தில் நிகழ்ந்திருக்கும். மூன்று வட்டாரங்களும் அவ்விடத்திலிருந்தே நிரலைப் பெற்றிருக்கும். யார், எதற்காகத் திருத்தினார் என்பதும் எழுத்தில் இருந்திருக்கும்.

ஆயின், வரலாற்றை மறவாத இவ்வியல்பே ஒரு வகையில் தீங்காகவும் முடியலாம். கடவுச்சொற்களையோ, விவசாயிகள், மாணவர்கள் முதலியோரின் பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றையோ நிரலுடன் சேர்த்துக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், மறுநாள் அக்கோப்பை நீக்கினாலும் அவை மறைவதில்லை. பழைய பதிவில் அப்படியே நிற்கும். அதற்குள் நகலெடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் இருக்கும். கடவுச்சொல் ஒன்று இவ்வாறு புகுந்துவிட்டதாயின், அதைக் கோப்பிலிருந்து நீக்குவது மட்டும் பரிகாரமாகாது. அக்கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். நிரல் களஞ்சியத்தில் நிரல் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பதை முதல் நாளே யாவருக்கும் கற்பித்துவிடுக.

காத்தல்

களஞ்சியம் நம் கட்டடத்தில் இருக்கும்வரை, அதைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே. இங்குதான் பலர் தவறான நிம்மதி கொள்கின்றனர். கிட் பரவலான முறையாயிற்றே, ஒவ்வொருவரிடமும் முழு நகல் இருக்கின்றதே, சர்வர் அழிந்தால் என்ன என்று அவர்கள் கேட்பர். நிரலைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் பயனர் கணக்குகள், அவர்களின் உரிமைகள், எழுப்பப்பட்ட குறைகள், அவற்றின்மேல் நடந்த விவாதங்கள் ஆகியன நகல்களில் வருவதில்லை. அவை சர்வரின் தரவுத்தளத்தில் மட்டுமே உள்ளன. நிரல் ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என்பதை உணர்த்தும் எழுத்துகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. கிட்லேப் கம்பெனி நடத்தும் பொதுக் களஞ்சியத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, தரவுத்தளப் பழுது ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சர்வரில் இடவேண்டிய நீக்கக் கட்டளையைத் தலைமைச் சர்வரில் இட்டுவிட்டார். உடனே உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் எஞ்சியது சுமார் 4.5 கிகாபைட் மட்டுமே. காப்பு ஏற்பாடுகளை நாடியபோது, அவற்றில் ஒன்றும் நம்பியவாறு உதவவில்லை. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்பு நகல், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமையால் எடுக்கப்படாமலே போயிருந்தது. அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை அஞ்சல்களும் சேரவேண்டியவரைச் சேரவில்லை. நல்வாய்ப்பாக, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்று இருந்தது. அதைக்கொண்டு தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் எழுதப்பெற்றவை இழக்கப்பட்டன. மூல நிரல்களோ தனியே வைக்கப்பெற்றிருந்தமையால் தப்பின. கம்பெனி இவ்வனைத்தையும் மறையாது வெளியிட்டமையால் உலகம் ஒரு பாடம் பெற்றது.

காப்பு நகல் எடுக்க ஏற்பாடு உள்ளது என்பது வேறு. காப்பு நகல் உள்ளது என்பது வேறு. மீட்டுப் பார்த்த நகலே நகல்.

கிட்டீயில் 'டம்ப்' என்னும் கட்டளை, களஞ்சியங்கள், தரவுத்தளம், அமைப்புக் கோப்பு ஆகியவற்றை ஒரே பொதியாகக் கட்டித் தரும். நகல் முரணின்றி அமைவதற்கு, அந்நேரத்தில் கிட்டீயை நிறுத்தி வைத்தல் வேண்டும். இரவில் ஒருவரும் பயன்படுத்தாத வேளையில் தானே நடக்குமாறு செய்யலாம். பொதியில் மறைகுறி எண்களும் இருப்பதால் அதையும் பூட்டிய பெட்டியைப் போலப் பாதுகாத்தல் வேண்டும். மூலத்துடன் சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது வழக்கில் உள்ள நல்விதி. சர்வரின் வட்டிலேயே வைக்கப்பெற்ற நகல், வட்டோடு சேர்ந்தே அழியும்.

மீட்பதற்கெனத் தனிக் கட்டளை கிட்டீயில் இல்லை என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. பொதியை அவிழ்த்து, கோப்புகளை உரிய அடைவுகளில் வைத்து, உரிமையாளரையும் அனுமதிகளையும் சரிசெய்து, தரவுத்தளத்தை மீண்டும் ஏற்றிக் கையாலேயே செய்ய வேண்டும். இவ்வேலையை இடர் நேர்ந்த இரவில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ள முயலுதல் விவேகமன்று. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும், வேறொரு பழைய கணிப்பொறியில் நகலை மீட்டு, உள்நுழைந்து, ஒரு களஞ்சியத்தைத் திறந்து பார்த்து, எடுத்துக்கொண்ட நேரத்தையும் செய்த படிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பேடு காகிதத்தில் இருப்பது நலம். சர்வர் இயங்காத நாளில், சர்வருக்குள் இருக்கும் குறிப்பு பயன்படாது.

புதுப்பித்தலும் இவ்வாறே. பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படும்போதெல்லாம் புதிய பதிப்பு வெளிவருகின்றது. கிட்டீயை நிறுத்தி, காப்பு நகல் எடுத்து, பழைய கோப்பின் இடத்தில் புதிய கோப்பை வைத்து, மீண்டும் தொடங்கினால் வேலை முடிந்தது. தரவுத்தளத்தைப் புதிய வடிவுக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாறிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு ஏற்காது. எனவே திரும்பும் வழி, புதுப்பிக்குமுன் எடுத்த நகல் ஒன்றே.

ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும்

ஆசிரியர்கள் இவ்வமைப்பை ஒரு பாடமாகவே கொள்ளலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு களஞ்சியம். இறுதி விடையை மட்டும் காணாது, மாணவர் அவ்விடையை எவ்வெப்படிகளால் அடைந்தார் என்பதையும் ஆசிரியர் காண்பார். பிழைகளும் பதிவாவதால், பிழை வெட்கப்பட வேண்டிய ஒன்றன்று, திருத்தப்பட வேண்டிய ஒன்று என்னும் உணர்வு மாணவரிடம் வளரும். மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டே காப்பு நகலை மீட்கும் சோதனையை நடத்தினால், ஒரே முயற்சியில் பாடமும் நடக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

கள ஊழியர்கள், பெரிய திட்டம் ஒன்றிற்காகக் காத்திராமல், தாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரே ஒரு நிரலை முதலில் களஞ்சியத்தில் வைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணத்தை ஒரு வரியிலேனும் எழுதும் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். மாற்றலாகிச் செல்லும் அலுவலர், பின் வருபவரிடம் சாவிக்கொத்தை ஒப்படைப்பது போல, நிர்வாகியின் கணக்கையும், காப்பு நகலின் இருப்பிடத்தையும், மீட்புக் குறிப்பேட்டையும் எழுத்து மூலம் ஒப்படைத்தல் வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் எப்போதும் பெயர் குறித்து நியமிக்கப்பெற்றிருத்தல் அவசியம்.

விதையைச் சேமித்தவர் அடுத்த பருவத்தில் அது முளைக்குமா என்பதை ஒரு பிடி விதைத்துப் பார்த்தே அறிகின்றார். மூல நிரலும் அத்தகையதே. களஞ்சியம் கட்டினோம் என்பதில் நிறைவு கொள்ளாது, அதிலிருந்து மீண்டும் எடுக்க இயலும் என்பதைக் காலந்தோறும் சோதித்து அறிவதே சொந்தக் களஞ்சியம் உடையோரின் கடமையாகும்.